50 ஹெர்ட்ஸில் ஒரு ஆக்ஸா பிளேடு: வீட்டில் செய்த கான்டாக்ட் மைக், ஒரு நிகழ்வு ஆய்வு

"அண்ணே, நான் தட்டுறது ஒண்ணு, ஸ்பீக்கர்ல வர்றது வேற ஒண்ணு."

ஒத்திகையின் முதல் நாள் தம்பி சொன்னது இது. புகார் என்று பார்த்தால் இந்த ஒரு வரிதான். இதைச் சரிசெய்ய எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் பாதி நாட்கள் கோளாறு இல்லாத இடத்தில் கோளாறு தேடிப் போனவை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கான்டாக்ட் மைக், அதாவது பொருளோடு ஒட்டி அதன் அதிர்வை நேராக எடுக்கும் மைக், செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். செய்த மைக் ஏன் தகர டப்பாவைத் தட்டியது போல ஒலிக்கிறது என்பதைப் பொறுமையாகச் சொல்பவர்கள் குறைவு.

பின்னணி இதுதான். ஒரு சிறிய நாடகக் குழு. கதை முழுக்க ஒரு லேத் பட்டறைக்குள் நடக்கிறது. பாட்டு வேண்டாம், பட்டறைச் சாமான்களிலிருந்தே தாளம் வர வேண்டும் என்று இயக்குநர் கேட்டிருந்தார். வாசிக்கப்போகும் தம்பி பறையும் தவிலும் கற்றவர். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கிறவன், சால்டரிங் அயர்னை மட்டும் விடவில்லை. வாத்தியம் செய்து தருவது என் பொறுப்பு.

மூன்றடி நீளமுள்ள பழைய தேக்குக் கதவுப் பலகை ஒன்று கிடைத்தது. அதன் இடது ஓரத்தில் ஏழு ஆக்ஸா பிளேடுகளை வெவ்வேறு நீளத்தில் நீட்டி, மேலே ஓர் இரும்புப் பட்டையை வைத்து போல்ட் போட்டு இறுக்கினேன். நடுவில் தோசைக்கல். வலது பக்கம் இரண்டு கொக்கிகளுக்கு இடையே இழுத்துக் கட்டிய கதவு ஸ்பிரிங். முன் விளிம்பில் துளை போட்டு நட்டுவைத்த ஆறு சைக்கிள் போக்கம்பிகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக நாலு மைக்.

தோசைக்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் வீட்டில் இருந்த வார்ப்பிரும்புக் கல்லைத்தான் எடுத்தேன். தட்டினால் 'தொப்' என்று அடங்கிவிட்டது. வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாகப் பரவியிருக்கிறது. அதிர்வை அது உடனே விழுங்கிவிடும். லேத் மெஷினின் அடிப்பாகத்தை வார்ப்பிரும்பில் செய்வதற்கு அதுவும் ஒரு காரணம். தகட்டில் அடித்த மெல்லிய இரும்புக் கல் வாங்கி வந்தேன், அது மணி போல நின்று ஒலித்தது.

இதற்கு ஏன் கான்டாக்ட் மைக், சாதாரண மைக் போதாதா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆக்ஸா பிளேடை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்துச் சுண்டிப் பாருங்கள். 'டொய்ங்' என்று கேட்பது பெரும்பாலும் மேஜையின் சத்தம். அரை அங்குல அகலத் தகடு காற்றைத் தள்ளுவதைவிட, காற்று அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுற்றிக்கொண்டு ஓடுவதே அதிகம். அடி ஸ்வரம், அதாவது தகட்டின் மிகத் தாழ்ந்த ஒலி, தகட்டுக்குள் இருக்கிறது, ஆனால் காதுக்கு வந்து சேர்வதில்லை. அந்த அதிர்வை உலோகத்திலிருந்தே நேராக எடுப்பதற்குத்தான் கான்டாக்ட் மைக்.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1960இல் 'கார்ட்ரிட்ஜ் மியூசிக்' என்ற படைப்பில் கிராமபோன் கார்ட்ரிட்ஜில் ஊசி இருக்கவேண்டிய இடத்தில் கம்பியையும் கையில் கிடைத்த சின்னப் பொருள்களையும் செருகி வாசிக்க வைத்தார். இங்கிலாந்துக்காரர் ஹ்யூ டேவிஸ் 1968இல் ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியின் வெற்று அட்டைக்குள் மெல்லிய ரம்பத் தகடுகள், ஸ்பிரிங், பால் பேரிங் எல்லாவற்றையும் வைத்து, கான்டாக்ட் மைக் பொருத்தி, 'ஷோஸிக்' என்ற வாத்தியத்தைச் செய்தார். அந்தத் தொகுதியின் முதுகில் 'ஷோ முதல் ஸிக் வரை' என்று அச்சாகியிருந்ததுதான் பெயர்க்காரணம். என் பலகையில் பிளேடும் ஸ்பிரிங்கும் இருப்பது தற்செயல் என்று நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டாம்.

முதல் தப்பு: மைக்கை மாற்றிக்கொண்டே இருந்தது

மைக் என்று நான் சொல்வது ரிச்சி ஸ்ட்ரீட்டில் பஸ்ஸர் தகடு என்று கேட்டால் தருகிற 27 மில்லிமீட்டர் பியசோ வில்லை. பித்தளை வட்டம், அதன்மேல் வெள்ளையாக ஒரு பீங்கான் வட்டம், அதற்கும் மேலே வெள்ளிப் பூச்சு. பீங்கானை வளைத்தால் மின்னழுத்தம் பிறக்கும். ழாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் 1880இல் படிகங்களை அழுத்திக் கண்டுபிடித்த விஷயம் இது. நம் வீட்டு கேஸ் லைட்டரில் 'டக்' என்று பொறி வருவதும் இதே வித்தைதான். அங்கே ஆயிரக்கணக்கான வோல்ட், இங்கே பிளேடு லேசாக ஆடினால் மில்லிவோல்ட் கணக்கு. ஆனால் குச்சியால் பலமாகத் தட்டினால் இங்கேயும் பல வோல்ட் குதிக்கும். அந்தக் கதை பின்னால் வருகிறது.

சால்டர் வைப்பதில் மூன்று வில்லைகளைக் கெடுத்தேன். பித்தளையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு வைத்தால் சிக்கல் இல்லை. வெள்ளிப் பூச்சில்தான் ஆபத்து. அயர்ன் இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் பூச்சு ஈயத்தோடு சேர்ந்து பொட்டு மாதிரி உரிந்து வந்துவிடும். சூடு அளவுக்கு மீறினால் பீங்கான் தன் மின் குணத்தையும் இழக்கும். முதலில் ஒயர் நுனியில் ஈயம் பூசி, பூச்சின்மேலும் ஒரு துளி ஈயத்தை வைத்து, பிறகு இரண்டையும் தொட வைத்து ஒரு விநாடியில் எடுத்துவிட வேண்டும். நடுவில் வைக்காமல் பீங்கானின் ஓரமாக வைப்பது என் வழக்கம்.

நாலு வில்லைகளையும் ஒட்டி, நாலு ஒயர்களையும் சவுண்ட் மிக்ஸரின் லைன் இன்புட்டில் செருகினோம். தம்பி நீளமான பிளேடைச் சுண்டினார். ஸ்பீக்கரில் 'டிக்'. இன்னொரு பிளேடு, அதுவும் 'டிக்'. ஏழு பிளேடும் ஏழு 'டிக்'. தோசைக்கல் எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தது போலிருந்தது.

நான் என்ன செய்தேன்? வில்லை மட்டம் என்று முடிவு கட்டினேன். மறுபடி கடைக்குப் போய் 35 மில்லிமீட்டர் வில்லை வாங்கி வந்து எல்லாவற்றையும் பிய்த்து ஒட்டினேன். சத்தம் ஒரு நூல் கனத்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் போச்சு.

அப்புறம் ஒருநாள் ஒத்திகைக்கு வந்த கிட்டார்க்காரர் ஒருவரின் சின்ன ஆம்ப் அறையில் கிடந்தது. சும்மா இருக்கட்டுமே என்று பிளேடு மைக்கின் ஒயரை அதில் செருகினோம். தம்பி சுண்டினார். அறையின் ஜன்னல் கதவு அதிர்ந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அதே வில்லை, அதே ஒட்டு, அதே பிளேடு. மாறியது செருகிய இடம் மட்டும்.

கணக்கு இதுதான், கல்லூரியில் படித்ததுதான், நேரத்துக்கு நினைவுக்கு வரவில்லை. பியசோ வில்லை மின்சார ரீதியில் ஒரு கபாசிட்டர், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் உறுப்பு. என் மல்டிமீட்டரில் 27 மில்லிமீட்டர் வில்லை 20 நானோ ஃபாரட் காட்டியது. கபாசிட்டரும் அது போய்ச் சேரும் இன்புட்டின் ரெசிஸ்டன்ஸும் (மின்தடையும்) சேர்ந்தால் தாழ்ந்த ஒலிகளை அடைக்கும் ஒரு வடிகட்டி தானாகவே உருவாகிவிடும். மிக்ஸரின் லைன் இன்புட் சுமார் 10 கிலோ ஓம். அதோடு 20 நானோ ஃபாரட் சேர்ந்தால், ஏறத்தாழ 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய ஆரம்பிக்கும். கிட்டார் ஆம்பின் இன்புட் 1 மெகா ஓம், அதாவது நூறு மடங்கு. அங்கே எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது.

இப்போது பிளேடின் கணக்கைப் பாருங்கள். சாதாரண ஆக்ஸா பிளேடின் கனம் 0.63 மில்லிமீட்டர். ஒரு முனையை இறுக்கி 10 சென்டிமீட்டர் வெளியே நீட்டினால் அடி ஸ்வரம் சுமார் 51 ஹெர்ட்ஸ். மிக்ஸரில் நேராகச் செருகினால் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். பிளேடின் அடுத்த ஸ்வரம் அடி ஸ்வரத்தைப்போல ஆறேகால் மடங்கு மேலே, 320 ஹெர்ட்ஸ் பக்கம். அது அவ்வளவாகத் தேயாது. சுண்டும்போது நகம் படுகிற 'டிக்' முழுதாகவே வந்து சேரும். அடி காணாமல் போய், நுனி மட்டும் ஸ்பீக்கருக்கு வந்திருக்கிறது. 35 மில்லிமீட்டர் வில்லை 30 நானோ ஃபாரட் காட்டியது. அதைப் போட்டபோது பதினாறில் ஒரு பங்கு பதினொன்றில் ஒரு பங்கானது. நான் அலைந்து சம்பாதித்தது அவ்வளவே.

மைக் இன்புட்டில் செருகினால் இன்னும் மோசம். அது 2 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும், எல்லை 4,000 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். கான்டாக்ட் மைக் என்றால் தகர ஒலிதான் வரும் என்று பலர் நம்புவதற்கு இதுதான் மூலம் என்பது என் எண்ணம். பாவம், வில்லையின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

தீர்வு, நடுவில் ஒரு பஃபர். இந்தியாவில் எலக்ட்ரானிக்ஸ் லேபில் உட்கார்ந்தவர்களுக்கு எஃப்.இ.டி. (ஒரு வகை டிரான்சிஸ்டர்) என்றால் பி.எஃப்.டபிள்யூ. 10தான், நாலு கால் வைத்த சின்ன உலோகத் தொப்பி. கேட் காலில் வில்லை, அங்கிருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். டிரெயின் நேராக 9 வோல்ட் பேட்டரிக்கு. சோர்ஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், சோர்ஸிலிருந்தே 10 மைக்ரோ ஃபாரட் வழியாக வெளியே. நாலாவது கால் தொப்பியோடு இணைந்தது, அதை கிரவுண்டில் வைத்தால் தொப்பியே கவசமாகிவிடும். இந்தச் சுற்று சத்தத்தைக் கூட்டாது. வில்லையிடம் பெரிய ரெசிஸ்டன்ஸாகவும் மிக்ஸரிடம் சிறிய ரெசிஸ்டன்ஸாகவும் நடந்துகொள்ளும், வேலையே அதுதான். பழைய 27 மில்லிமீட்டர் வில்லைகளுக்கே திரும்பி, நாலு மைக்குக்கும் நாலு பஃபர் கட்டி, பழைய டிபன் பாக்ஸ் ஒன்றில் அடைத்தேன். பேட்டரி ஒத்திகை, நாடகம் எல்லாம் முடியும்வரை மாற்றவே இல்லை.

"பிளேடு நிக்கவே மாட்டேங்குது"

பஃபர் வந்ததும் அடி ஸ்வரம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

"அண்ணே, இந்த நீட்டு பிளேடு நிக்கவே மாட்டேங்குது. கையால பிடிச்சாலும் ஊங்குது."

உண்மைதான். பிளேடை இறுக்கிப் பிடித்தாலும் ஸ்பீக்கரில் 'ஊம்ம்ம்' தொடர்ந்தது. பிளேடையே கழற்றிய பிறகும் தொடர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். 10 சென்டிமீட்டர் பிளேடு 51. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஸ்ருதி. தம்பியின் காது பிளேடு என்று நினைத்தது சுவருக்குள் ஓடும் ஒயரின் ஹம். முன்பும் அது இருந்திருக்கிறது. பிளேடை அடைத்த வடிகட்டி அதையும் சேர்த்தே அடைத்திருக்கிறது. ஒரு கோளாறு இன்னொரு கோளாறை மூடி வைத்திருந்தது.

நாலு மைக்கில் எது உறுமுகிறது என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தோம். ஸ்பிரிங் சுத்தம். போக்கம்பி சுத்தம். பிளேடு கொஞ்சம் உறுமியது. தோசைக்கல் பயங்கரம். கல்லை விரலால் தொட்டால் உறுமல் இன்னும் கூடியது. இந்தத் தொடு சோதனையை யாரும் மறக்கக்கூடாது. உலோகத்தைத் தொட்டதும் ஹம் குறைந்தால், அந்த உலோகம் கிரவுண்டில் இருக்கிறது. கூடினால், அது சிக்னல் முனையில் தொங்குகிறது.

பிரித்துப் பார்த்தேன். தோசைக்கல் வில்லையில் ஒயரை மாற்றி வைத்திருந்தேன். பீங்கான் பக்கம் கிரவுண்ட், பித்தளைப் பக்கம் சிக்னல். இரண்டு முனைதானே, எப்படி வைத்தால் என்ன என்ற அலட்சியம். மேஜைமேல் கிடக்கும் வில்லைக்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் பித்தளையை இரும்போடு ஒட்டியபோது அந்தக் கல் முழுவதும் சிக்னல் முனையாகிவிட்டது. பத்தங்குல இரும்பு ஆன்டெனா ஒன்றை எஃப்.இ.டி.யின் கேட்டில் நானே மாட்டி வைத்திருக்கிறேன்.

ஒயரைத் திருப்பி வைத்தேன், பித்தளை ஷீல்டுக்கு (ஒயரைச் சுற்றியுள்ள கவசப் பின்னலுக்கு), பீங்கான் நடுக்கம்பிக்கு. வெளியே தெரிகிற பீங்கான் பக்கத்தின்மேல் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று, அதற்கும் மேலே தாமிரப் படலம், அந்தப் படலத்தைப் பித்தளையோடு ஒரு பொட்டு ஈயத்தால் சேர்த்தேன். உறுமல் போனது. பிளேடு மைக்கின் மிச்ச உறுமலுக்குக் காரணம், கடைசி ஓர் அங்குலத்துக்கு ஷீல்டு இல்லாத ஒயரைப் போட்டிருந்ததுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பித்தளை கிரவுண்ட், அது இரும்போடு ஒட்டியிருக்கிறது என்றால், வாசிப்பவரின் கை மிக்ஸரின் கிரவுண்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஒத்திகை அறையின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது துளை இருந்தது, எர்த் ஒயர் இல்லை. தம்பி வெறுங்காலோடு நின்று கல்லைத் தொட்டபோது சுள்ளென்றது. அன்றே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த் இழுத்தோம். அதோடு, கல்லுக்கும் பித்தளைக்கும் நடுவில் மெல்லிய செலோ டேப் ஓர் அடுக்கு போட்டு மின் தொடர்பை அறுத்துவிட்டேன். ஒலியில் வித்தியாசம் தெரியவில்லை. எர்த் இல்லாத இடத்தில் டேப் ஒரு அடுக்கை நம்பி யாரும் வாசிக்க வேண்டாம்.

ஒட்டு

எதைக்கொண்டு ஒட்டுவது என்பதைச் சின்ன விஷயம் என்று நினைத்திருந்தேன். முதலில் போட்டது ஃபோம் டபுள் டேப். அது மெத்தை மாதிரி, நுனி ஒலியை வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் மினுமினுப்பு அதில் செத்துப் போனது. அடுத்து தேன்மெழுகு. அதிர்வை அளக்கும் கருவிகளை மெல்லிய மெழுகு வைத்து ஒட்டுவது இன்ஜினியர்களின் பழைய வழக்கம். விரலால் உருட்டி, மெல்லிதாகப் பரப்பி, வில்லையை அழுத்தி ஒரு திருகு திருகினால் போதும், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் நகத்தால் பெயர்த்து வேறு இடம் பார்க்கலாம். இடம் தேடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. எனக்குப் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டேன்.

மெழுகு 40 டிகிரிக்குமேல் பிடிமானம் இழக்கும் என்பது தெரிந்ததுதான். நாங்கள் இருந்தது சென்னையில், மாதம் ஏப்ரல், தலைக்கு மேலே ஸ்டேஜ் லைட். இறுதி ஒத்திகையின் இரண்டாவது காட்சியில் தோசைக்கல்லின் சத்தம் மெல்ல மெல்ல மந்தமாகி, கடைசியில் வில்லை வழுக்கிக்கொண்டு போய் ஒயரில் தொங்கியது. இடம் முடிவானதும் ஃபெவிக்விக், கதை முடிந்தது. கெட்டியாக ஒட்டும்போது இன்னொரு லாபமும் உண்டு. சும்மா தொங்கும் வில்லைக்கு சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒரு சொந்தக் கீச்சு இருக்கும், முழுப் பரப்பும் இரும்போடு ஒட்டிக்கொண்டால் அது அடங்கிவிடும்.

மெழுகால் இடம் தேடியபோது கிடைத்ததுதான் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு. தோசைக்கல்லை நடுவில் துளையிட்டு, ரப்பர் வாஷர் போட்டு, ஜால்ரா மாதிரி ஒற்றை போல்ட்டில் நிறுத்தியிருந்தேன். ஒயர் வெளியே தெரியக்கூடாது என்று வில்லையை போல்ட்டை ஒட்டியே வைத்திருந்தேன். அங்கே கல்லின் தாழ்ந்த ஸ்வரம் கேட்கவே இல்லை. கேட்காதுதானே! நடுவில் ஆட்டம் இல்லாததால்தான் போல்ட் போட்ட பிறகும் கல் ஒலிக்கிறது. ஆடாத இடத்தில் காது வைத்தால் என்ன கேட்கும்?

வட்டத் தகட்டைத் தட்டினால் அதன் அடி ஸ்வரத்தில் தகடு நாலு கால்பகுதியாகப் பிரிந்து ஆடும். எதிரெதிர்க் கால்கள் இரண்டு மேலே போனால் மற்ற இரண்டும் கீழே. தட்டிய இடம் ஒரு காலின் உச்சம். அங்கிருந்து வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு நகர்ந்தால் இரண்டு கால்களின் எல்லைக்கோடு, அங்கே அசைவே இராது. வில்லையை விளிம்புக்குக் கொண்டுபோனேன். கல் உறுமியது. தம்பி கல்லைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

"இங்க தட்டினா மட்டும் கம்முனு ஆயிடுது. உள்ள நாதம் இல்ல."

வில்லையிலிருந்து சரியாக எட்டில் ஒரு பங்கு தள்ளி. எல்லைக்கோட்டில் வில்லை மாட்டிக்கொள்ளும்படி அவர் தட்டியிருக்கிறார். அறையில் கேட்கும் சத்தம் எங்கே தட்டினாலும் ஒன்றுதான், ஸ்பீக்கரில்தான் இந்த வித்தியாசம். நான் அதைக் குறை என்று சொல்லி இரண்டாவது வில்லை போடலாம் என்றேன். தம்பி கையைத் தடுத்தார். மிருதங்கத்தில் திறந்த சொல்லும் மூடிய சொல்லும் இருப்பது போல, இதில் இது மூடிய சொல் என்றார். கல்லின்மேல் சாக்பீஸால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டார். கூத்தின் முதல் ஐந்து நிமிஷமும் அந்த இரண்டு புள்ளியை வைத்து மட்டும் வாசித்தார்.

உடைந்தவை

பிளேடு மைக்கை நான் முதலில் வைத்த இடம் முட்டாள்தனமானது. இறுக்கும் இரும்புப் பட்டைக்கு அடியில், பிளேடுகளுக்கும் பலகைக்கும் நடுவில் வில்லையைச் செருகியிருந்தேன். அதிர்வு எல்லாம் அந்த வழியாகத்தானே பலகைக்குப் போக வேண்டும் என்ற கணக்கு. கணக்கு சரி, பீங்கான் சரிவராது. போல்ட்டை முடுக்க முடுக்க ஒருநாள் சத்தம் திடீரென்று இளைத்தது. ஒயர் அறுந்திருந்தால் சத்தம் முழுதாகப் போயிருக்கும், இது இளைத்து நின்றது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 21 நானோ ஃபாரட் காட்டிய வில்லை 8 காட்டியது. பீங்கான் இரண்டாக வெடித்து, ஒயர் வைத்த துண்டு மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் இந்த அளவு காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வில்லையையும் ஒட்டும் முன் அளந்து, அதன் அளவை ஒயரில் டேப் ஒட்டி எழுதி வைப்பது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. புது வில்லையைப் பட்டையின் மேலே ஒட்டினேன், அடியில் அல்ல. சத்தம் கொஞ்சம்தான் குறைந்தது.

தோசைக்கல்லில் வேறு பிரச்சினை. தம்பி மரச்சுத்தியால் ஓங்கி அடித்தால் 'பட்' என்று கிழிந்த சத்தம். முன்னே சொன்ன பல வோல்ட் இதுதான், 9 வோல்ட் பஃபரில் அது அடங்கவில்லை. மிக்ஸரில் எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை, கிழிவது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. வில்லைக்கு இணையாக ஒரு 47 நானோ ஃபாரட் கபாசிட்டரைப் போட்டேன். வில்லையே ஒரு கபாசிட்டர் என்பதால் இரண்டும் சுமையைப் பங்கிட்டுக்கொண்டு சிக்னல் பத்தில் மூன்று பங்காகும். ரெசிஸ்டரைக் கொண்டு குறைத்தால் அடி ஸ்வரம் போய்விடும், கபாசிட்டரால் குறைத்தால் போகாது. ஒரு ரூபாய்ச் சாமான்.

கான்டாக்ட் மைக் கூச்சல் போடாது, அதாவது ஃபீட்பேக் வராது என்று சொல்வார்கள். காற்றைக் கேட்காது என்பது சரி, மேடை மரத்தைக் கேட்குமே. அரங்கில் தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய சப் ஸ்பீக்கர் மேடைமேலேயே இருந்தது. தளம் அதிர, பலகை அதிர, பிளேடு அதிர, ஸ்பீக்கர் இன்னும் அதிர, ஒரு நிமிஷம் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டோம். சப்பை மேடையிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, பலகையின் கால்களுக்கு அடியில் சைக்கிள் டியூபை நாலாக மடித்து வைத்ததும் அடங்கியது. நடிகர்களின் காலடிச் சத்தம் பலகையில் ஏறிக்கொண்டிருந்ததும் அத்தோடு நின்றது.

முதல் நாள் காட்சி நன்றாகப் போனது. இரண்டாம் நாள், கடைசிக் காட்சி. முதலாளி போன பிறகு இருட்டில் நீளமான பிளேடு மட்டும் தனியாகச் சுண்டப்பட வேண்டும். தம்பி சுண்டினார். 'டிக்.'

எனக்கு வயிற்றைப் புரட்டியது. பஃபர் போச்சா, ஒட்டு விட்டதா, வில்லை வெடித்ததா என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே மிக்ஸர் பக்கம் ஓடினேன். அன்றைக்கு வேறு ஒரு சவுண்ட் அண்ணன் வந்திருந்தார், அனுபவஸ்தர். நாலு சேனலிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் லோ கட் பட்டன் உள்ளே போயிருந்தது.

"மைக்னா அதை அழுத்திட்டுத்தான் தம்பி மத்த வேலை. இல்லேன்னா ஹம் அடிக்கும்ல?"

அவர் சொல்வதும் தப்பில்லை. அந்தப் பட்டன் இருப்பதே ஹம், காலடி அதிர்வு போன்ற தாழ்ந்த ஒலிகளை வெட்டத்தான், எங்கள் பிளேடு அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் பட்டன்களின் மேல் டேப் ஒட்டலாம் என்று நான் கிளம்பியபோது, தம்பி ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தார். நீளமான பிளேடை உள்ளே தள்ளி 7 சென்டிமீட்டரில் நிறுத்தி முடுக்கினார். பிளேடின் நீளத்தைப் பத்தில் ஏழாகக் குறைத்தால் ஸ்ருதி ஒரு ஸ்தாயி ஏறும், 105 ஹெர்ட்ஸ். சுண்டிப் பார்த்தார், பட்டனை அழுத்தச் சொல்லி மறுபடி சுண்டினார். அப்புறம் பலகையில் பிளேடின் பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் பென்சிலால் கோடு போட்டு, பழைய கோட்டின் பக்கத்தில் 'கரன்ட்' என்று எழுதிவைத்தார்.